அப்பா ஏன் தாடி வளர்க்கிறார்

என் அன்பு மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்பாவின் முகத்தைக் கண்டதும், "என்னம்மா, அப்பாவுக்குச் சுகமில்லையோ? ஏன் இந்தத் தாடி?" என்று கேட்டாய். உடனே அவர் கைபேசியை என் கையில் திணித்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று நழுவிவிட்டார். மாடு அப்போதுதான் வயிறு முட்டக் குடித்துவிட்டு வேப்பமரத்தின் கீழே படுத்திருந்தது. நானும் நெல் காயவிடுவதைப் பற்றிச் சொல்லிக் கதையை மாற்றினேன். மறைப்பதற்காகச் செய்யவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவளுக்கு ஒன்றை விளங்கப்படுத்துவதென்றால் ஒரு முழுக் கரும்பலகை வேண்டும். அந்தச் சின்னத் திரையில் முடியாது. அதனால் இன்று காலை சமையலை முடித்துவிட்டு, கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்; முடிந்ததும் தாள்களைப் படமெடுத்துக் கைபேசியிலேயே அனுப்புவேன். அப்பாவின் உடம்புக்கு ஒன்றுமில்லை. அவர் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, காக்கிறார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை முகம் வழிக்க மாட்டார், கோயிலுக்குள் போக மாட்டார். எங்கள் சொந்தத்தில் யார் செத்தது என்று நீ திடுக்கிடுவாய். பொறு, வரிசையாகச் சொல்கிறேன். முதலில் சந்தோசம். அதைச் சொல்லாமல் என்னால் அடுத்ததுக்குப் போக முடியாது. இத்தனை நாளாகியும் அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குக் கயிறடித்து விளையாட வேண்டும் போல் இருக்கிறது.

அன்று எங்கள் வயலில் அறுவடை. நான் குசினியில் மெசின்காரருக்குச் சம்பலுக்காகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. உன் சிந்து. அங்கே இன்னும் விடியாத நேரம் அது. மருமகள் அந்த நேரத்தில் எடுத்தால் மாமியாரின் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று நீயே யோசித்துப் பார். "மாமி, ஆஸ்பத்திரியால கூப்பிட்டிட்டினம்! கிட்னி வருதாம் மாமி!" என்றாள். "எங்கயிருந்து பிள்ளை?" என்றேன். "வேற நாட்டிலயிருந்து. பிளேனில ஏத்தி வருகினமாம். எந்த நாடு, ஆரின்ரது, ஒண்டும் சொல்ல மாட்டினமாம். நாங்கள் இப்ப காரில போய்க்கொண்டிருக்கிறம். வெளியில சரியான ஸ்னோ மாமி." பின்னால் உன் குரல் கேட்டது. "அம்மாவைப் பயப்பிடுத்தாதை" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். சத்திரசிகிச்சைக்குப் போகிற நீ, தேங்காய் துருவுகிற என்னைப் பற்றிக் கவலைப்பட்டாய்.

நான் கையில் தேங்காய்ப் பாதியோடு வரம்பில் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று இன்றுவரை தெரியாது. அறுவடை மெசின் போடுகிற சத்தத்தில் நான் கத்தியது அப்பாவுக்குக் கேட்கவில்லை. என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் பின் வரிசைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது போல ஒரு கையை இடுப்பில் சிறுநீரகம் இருக்கும் இடத்தில் வைத்தேன். தேங்காயைப் பிடித்திருந்த மற்றக் கையை விமானம் போல வளைத்து வளைத்துப் பறக்கவிட்டேன். மெசின் ஓட்டி வந்த பொடியன் எனக்குக் கலை வந்து சாமியாடுகிறேன் என்று நினைத்து மெசினை நிற்பாட்டிவிட்டான். ஆனால் உன் அப்பா விளங்கிக்கொண்டார். பிறகு கேட்ட முதல் கேள்வி, "பிளேன் வெளிக்கிட்டிட்டுதோ?"

பனி கொட்டுகிறதாம் என்று சொன்னதும் அவர் எங்கள் வட்டக்கச்சி வானத்தை அண்ணாந்து பார்த்தார். "இஞ்ச ஒரு முகில் இல்லையப்பா. அங்கயும் வெளிக்கும்" என்றார். வாழ்நாளில் விமானத்தில் கால் வைக்காத மனுசன், அந்தப் பகல் முழுக்க ஒரு விமானத்தைத் தன் தோளில் சுமந்துகொண்டு திரிந்தார். "இவ்வளவு தூரம் வந்தால் பழுதாகாதோ?" என்று கேட்டார். "பெட்டியில ஐஸ் போட்டு வைச்சுத்தான் கொண்டு வருவினம். முல்லைத்தீவிலயிருந்து மீன் வாறேல்லையோ, அப்பிடி" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ர பிள்ளைக்கு வாறதை மீனோட ஒப்பிடாதையப்பா!" என்றார். சரி என்று வேறு உதாரணம் தேடினேன். உதாரணம் எங்கள் முன்னால்தான் நின்றது.

"இந்த மெசின் எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டேன். "அம்பாறையிலயிருந்து." "ஏன், கிளிநொச்சியில மெசின் இல்லையோ?" "இருக்கு. எல்லாற்ற நெல்லும் ஒண்டா விளைஞ்சால் எங்கட மெசின் காணுமோ? அங்க வெட்டு முடிஞ்சவன் இஞ்ச வாறான். இஞ்ச முடிய வேற இடத்துக்குப் போவான்." "அதுதான் இது" என்றேன். நீ இருக்கிற பக்கம் எல்லாம் சின்னச் சின்ன நாடுகள். ஒரு நாட்டில் ஒருவர் இறக்கிற நேரத்தில் அவருடைய சிறுநீரகம் ஒத்துவரக்கூடிய நோயாளி அங்கேயே இருப்பார் என்று சொல்ல முடியாது. அவர் எல்லைக்கு அப்பால் படுத்திருக்கலாம். தனித்தனியாக வைத்திருந்தால் இங்கே ஒன்று வீணாகும், அங்கே ஒருவர் சாவார். அதனால் அயல் நாடுகள் பேசி ஒரே வரிசையாக வைத்திருக்கின்றன. யாருக்கு மிகவும் அரிதாகத்தான் பொருந்துமோ அவருக்கு எந்த நாட்டில் கிடைத்தாலும் அனுப்பிவிடுவார்கள். அப்பா மெசினை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். ஏதோ அதுவே உனக்குச் சிறுநீரகம் கொண்டுவந்தது போல அதன் மேல் ஒட்டியிருந்த வைக்கோலைக் கையால் தட்டிவிட்டார்.

அந்த அரிதான ஆள் நீதான். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ என் வகுப்பில் இருந்தபோது குருதி வகைகளைப் படிப்பிக்க எங்கள் வீட்டையே உதாரணமாகக் கரும்பலகையில் எழுதினேன். அம்மா ஏ, அப்பா பி, பிள்ளை ஓ. "இது நடக்குமோ?" என்று கேட்டு உன்னை எழுப்பி நிற்பாட்டினேன். வகுப்பு சிரித்தது, நீ வெட்கத்தில் காதுவரை சிவந்தாய். நடக்கும் என்று நிறுவிக் காட்டினேன், பெருமையாகவும் இருந்தது. பல வருடம் கழித்து உன் சிறுநீரகங்கள் ஏன் என்று தெரியாமலே பழுதாகி, நானும் அப்பாவும் ஆளுக்காள் முந்திக்கொண்டு எங்களுடையதைத் தருகிறோம் என்று யாழ்ப்பாணம் போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தபோது, அதே கணக்கு என் முகத்தில் அடித்தது. ஓ வகைக்கு ஓ மட்டும்தான் ஏற்கும்; எங்கள் இரண்டு பேரிடமிருந்தும் பிறந்த உனக்கு எங்கள் இரண்டு பேரிடமிருந்தும் ஒன்றும் எடுக்க முடியாது. சிந்துவினதும் ஒத்துவரவில்லை. அதோடு உன் குருதியில் பிறபொருளெதிரிகள் அளவுக்கு மிஞ்சி இருக்கின்றன, யாருடையதைக் கொடுத்தாலும் எதிர்க்கும் என்று உன் வைத்தியர் சொன்னார்.

அவை எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். உனக்குப் பதினைந்து வயது. சண்டையின் கடைசி மாதங்கள். வயிற்றில் காயத்தோடு உன்னைக் கடற்கரையிலிருந்து கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். நான் உன்னோடு வந்தேன், அப்பா கரையில் நின்றார். அங்கே உனக்குப் பை பையாக இரத்தம் ஏற்றினார்கள். நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது ஆரின்ர இரத்தம்?" என்று தாதியிடம் கேட்டேன். அந்தச் சிங்களப் பிள்ளைக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேர் இல்லை அம்மா. நல்ல ஆள்" என்றாள். தமிழரோ, சிங்களவரோ, முஸ்லிமோ, பல பேருடைய இரத்தம் அது. அது உன் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் இரத்தத்துக்கு ஞாபகம் அதிகம். வந்த அந்நியர் ஒவ்வொருவரையும் உன் உடம்பு நினைவில் வைத்துக்கொண்டு, அவர்களைப் போல இனி யார் வந்தாலும் தடுக்கத் தயாராக இருந்தது. ஒரு நாட்டுக்குள் மட்டும் தேடியிருந்தால் நீ இன்னும் கிழமைக்குக் கிழமை இரத்தம் சுத்திகரிக்கிற மெசினில் கிடந்திருப்பாய். இதை நினைத்துத்தான் நான் அன்று வரம்பில் அப்படி ஓடினேன்.

சரி, அடுத்த நாள் காலைக்கு வருகிறேன். இரவு நாங்கள் தூங்கினோமா என்று கேட்காதே. விடிந்து முற்றம் கூட்டுகிறபோது சிந்துவிடமிருந்து குரல் பதிவு வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரலில், "மாமி, வைச்ச உடனயே வேலை செய்யுதாம்! சலம் வருது மாமி! பை நிறைஞ்சிட்டுது!" என்றாள். உனக்குச் சிறுநீர் இறங்குகிறது என்பதை மூன்று தரம் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டோம். உலகத்தில் எத்தனையோ தாய்மார் பிள்ளை பட்டம் பெற்றதைக் கேட்டுப் பூரித்திருப்பார்கள். நான் உன் பட்டமளிப்புக்கும் இப்படிப் பூரித்தவளில்லை.

அப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். தைப்பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய சீனவெடிக் கட்டை அலுமாரிக்கு மேலிருந்து எடுத்து வந்து, வேலியில் தொங்கவிட்டுக் கொளுத்தினார். அது வெடித்த வெடியில் வேப்பமரத்துக் காகம் எல்லாம் கிளம்பிப் போய்விட்டது. அவர் வாலிபன் மாதிரிக் கைகொட்டிக்கொண்டு நின்றார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிட்டோம். பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை, கோயிலில் திருவிழாவும் இல்லை. அப்படியான ஒரு காலை நேரத்தில் எங்கள் ஊரில் வெடி கேட்டால் ஒரேயொரு அர்த்தம்தான். செத்த வீடு. பிரேதத்தை எடுக்கும்போது கொளுத்துகிற வெடி. அதுவும் நீ ஆஸ்பத்திரியில் என்பது எல்லோருக்கும் முதல் நாளே தெரியும். வெடிப் புகை அடங்குவதற்குள் ஒழுங்கையால் சனம் வரத் தொடங்கிவிட்டது. ஆண்கள் தோளில் துவாயோடு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. முன்னால் எதிர் வீட்டுச் செல்வமக்கா, தலையை அவிழ்த்துவிட்டு, படலையிலேயே என்னைக் கட்டிப்பிடித்து, "ஐயோ ரீச்சர், எங்கட பிள்ளை!" என்று தொடங்கிவிட்டா. நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், அவா அழுகிறா. துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடிக்கிறா. "அக்கா, விடுங்கோ, மூச்சு முட்டுது! அவன் சுகமா இருக்கிறான்! சலம் போகுதாம்!" என்று கத்தினேன்.

அப்போதுதான் முத்தையா அண்ணன் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார். அவரை உனக்குத் தெரியும், பின் வளவுக்காரர். தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். நீ போனபிறகு அவருக்கும் உன் சிறுநீரக வருத்தமே வந்தது. இப்போது வவுனியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கப் போய் வருகிறார். "என்ன டீச்சர், தம்பி ஒண்ணுக்குப் போனதுக்கா இம்புட்டு வெடி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு கட்டு இருந்தா போடுங்க சார்" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "அதோட அருமை எனக்கில்ல தெரியும். நான் ஒண்ணுக்குப் போய் ரெண்டு பொங்கல் ஆச்சு." செல்வமக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஐயோ மனுசா, பொம்பிளையள் நிக்கினம்!" என்று ஏச, முற்றமே குலுங்கியது.

பிறகு கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். "அப்ப ஒருத்தரும் சாகேல்லையோ? நாங்கள் அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தனாங்கள்." அப்பா சிரித்தபடி, "இல்லையில்லை, ஒருத்தரும்..." என்று தொடங்கினார். கையில் நெருப்புப் பெட்டி அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு வந்தவர்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "செத்திருக்கினம்."

நான்தான் சொன்னேன், உனக்கு வைத்தது இறந்த ஒருவருடையது என்று. ஆணோ பெண்ணோ, எந்த ஊரோ, எப்படிச் செத்ததோ தெரியாது என்று. செல்வமக்கா அவிழ்த்த தலையை இன்னும் முடியவில்லை. "எந்தத் தாய் பெத்த பிள்ளையோ" என்று சொல்லிக்கொண்டு நிலத்தில் இருந்தா. அழத்தானே வந்திருந்தா, அழுதா. மற்றப் பெண்களும் பக்கத்தில் இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நான் எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தேன், உனக்காகச் சீனி கூடப் போட்டு. அன்று எங்கள் முற்றத்தில் நடந்தது நல்ல காரியமா, கெட்ட காரியமா என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் சொல்லத் தெரியாது. வெடி இரண்டுக்கும் பொதுவாகப் போய்விட்டது.

அடுத்த நாள் அப்பா முகம் வழிக்கவில்லை. நான் முதலில் கவனிக்கவில்லை. உனக்குச் சரிவந்தால் புது நெல்லில் பிள்ளையாருக்குப் பொங்குவதென்று அவர் நேர்ந்திருந்தது உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பானையைக் கழுவி வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். "இப்ப பொங்கேலாதப்பா, துடக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. "துடக்கு இரத்த உறவுக்குத்தானே? உங்களுக்கும் அந்த ஆளுக்கும் என்ன இரத்த உறவு?" என்று கேட்டேன், வகுப்பில் கேட்பது மாதிரி. அவர் அமைதியாகத் திருப்பிக் கேட்டார். "பிள்ளையின்ர இரத்தம் முழுக்க அந்தக் கிட்னிக்குள்ளால போய்த்தானே வருகுது எண்டு நீதானே சொன்னனீ?" சொன்னேன்தான். "ஒரு நாளைக்கு எத்தினையோ தரம் போய் வரும் எண்டும் சொன்னனீ?" அதையும் சொன்னேன். "அப்ப இதைவிட என்ன இரத்த உறவப்பா வேணும்?" மகனே, இத்தனை வருடம் படிப்பித்ததில் எந்த மாணவனும் என் பாடத்தை எடுத்து என்னையே இப்படி மடக்கியதில்லை. பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

கோயிலிலும் இதே கூத்துத்தான். அப்பா தேர் நிறுத்துகிற தேர்முட்டிக்கு இப்பாலேயே நின்று கும்பிடுவதைக் கண்ட ஐயர் வெளியே வந்துவிட்டார். "ஏன் அங்க நிக்கிறியள்? உள்ள வாங்கோ." "துடக்கு ஐயா." "அப்பிடியோ? ஆர் மோசம் போனது?" "தெரியாது ஐயா." "தெரியாதோ! ஆம்பிளையோ, பொம்பிளையோ?" "அதுவும் தெரியாது." "எந்த ஊர்?" "வெளிநாடு. எந்த நாடெண்டு தெரியாது." ஐயர் என்னைப் பார்த்தார், இவருக்கு என்ன நடந்தது என்று கேட்பது போல. "ஊர் தெரியாது, பேர் தெரியாது, துடக்கு மட்டும் தெரியுமோ?" என்றார். "ஓம் ஐயா. அந்தத் துடக்கு என்ர பிள்ளையின்ர வயித்துக்குள்ள உயிரோட இருக்கு" என்றார் அப்பா. ஐயர் உள்ளே போய் விபூதி கொண்டுவந்து, கை படாமல் மேலிருந்து அப்பாவின் உள்ளங்கையில் போட்டுவிட்டு, "முப்பத்தொண்டுக்கு நானே வாறன்" என்றார்.

இதுதான் தாடியின் கதை. இனி நான் சொல்ல வந்தது.

சிந்து என்னிடம் ஒளிப்பதில்லை. வைத்தியசாலையிலிருந்து வந்தபிறகு நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். மருந்துக் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாயாம். இத்தனை வருடம் விலக்கி வைத்திருந்த வாழைப்பழத்தை இனிச் சாப்பிடலாம் என்று வைத்தியர் சொன்ன அன்று, ஒன்றை உரித்துப் பாதி கடித்துவிட்டு வைத்துவிட்டாயாம். அதை நான் கேட்டபோது நீ சொன்னாய்: "ஒருத்தரின்ர வீட்டில அழுதுகொண்டிருக்கினம். நான் இஞ்ச இருந்து வாழைப்பழம் சாப்பிடுறன். எனக்குக் கள்ளன் மாதிரிக் கிடக்கம்மா." ரீச்சருக்கு உடனே பதில் வராத கேள்விகளும் உண்டு. இப்போது வந்திருக்கிறது, கேள்.

களவெடுத்த பொருள் வந்த வழியில் யாரும் "ஓம்" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். உனக்கு வந்த வழியைப் பார். அந்த வீட்டில், தங்கள் ஆளைப் பறிகொடுத்த அதே நாளில், ஒரு தாயோ கணவனோ பிள்ளையோ அழுதுகொண்டே ஓம் என்று தலையாட்டியிருக்கிறார். அந்த ஓம் இல்லாமல் ஒரு கத்தியும் தொட்டிருக்காது. அதன்பிறகு இரண்டு நாட்டு வைத்தியர்கள், விமானம் ஓட்டினவர், பனியை வழித்து ஓடுபாதையைத் துப்புரவாக்கினவர், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் என்று எத்தனை பேர் உன் பெயரும் தெரியாமல் உனக்காக ஓடியிருக்கிறார்கள். எல்லையில் நின்று "நீ எந்த நாடு, எந்த மொழி, எப்ப இஞ்ச வந்தனீ?" என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. வன்னியிலிருந்து அகதியாகப் போன பொடியனுக்குப் பெயர் தெரியாத ஒரு நாடு தன் பிள்ளையில் ஒரு பங்கை அனுப்பியது. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையை நீட்டி வளர்ந்தவன் நீ. இது எப்பேர்ப்பட்ட செய்தி என்று உன்னைவிட யாருக்கு விளங்கும்? எனக்கு இதை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. சொல்லியும் விட்டேன். போன கிழமை கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், வாய்க்கால் துப்புரவாக்குவதைப் பற்றிப் பேச எழும்பினவள், சிறுநீரகத்தைப் பற்றிப் பேசி முடித்தேன். தலைவர் பாவம், மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார்.

அந்தக் கூட்டம் முடிந்து வரும்போது முத்தையா அண்ணன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "நம்மளச் சுத்தியும் நாடு இருக்குதானே டீச்சர்? நம்மாளுங்களும் அப்படிப் பேசி வச்சுக்க முடியாதா?" எங்கள் நாடு வெறுங்கையோடு நிற்கவில்லை என்று அவருக்குச் சொன்னேன். இங்கே இறந்தவர்களின் கண்கள் எத்தனையோ காலமாகக் கடல் தாண்டிப் போய், முகம் தெரியாத மனிதர்களுக்குப் பார்வை கொடுத்துக்கொண்டிருக்கின்றன. கண்ணுக்கு முடிந்தது மற்றதுக்கும் ஒரு நாள் முடியும். அவருடைய மகளின் சிறுநீரகம் அவருக்குப் பொருந்துமா என்று இப்போது பார்க்கிறார்கள். அவரை வவுனியாவுக்குக் கூட்டிப்போகிற பொறுப்பில் பாதியை நான் எடுத்திருக்கிறேன். நானும் அப்பாவும் எங்கள் கண்களைக் கொடுப்பதாகப் பதிந்துவிட்டோம். அப்பாவுக்கு ஒரு சந்தேகம்தான்: "என்ர கண் பனி நாட்டுக்குப் போனால் குளிருமோ?" "அங்க போய் மகனைப் பாக்கட்டும்" என்றேன். அந்தப் பதில் அவருக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது, இப்போது வருகிறவர்கள் எல்லோருக்கும் தன்னுடையது போலச் சொல்கிறார்.

குளிசை விஷயத்தில் மட்டும் ரீச்சராகவே சொல்கிறேன். உன் இரத்தத்தின் ஞாபகத்தைக் கொஞ்சம் மங்கவைத்து, வந்தவரை அந்நியர் என்று துரத்தாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் குளிசையின் வேலை. ஒரு நேரம்கூடத் தவறவிடாதே, வாழ்நாள் முழுக்க. உன் உடம்பு வந்தவரை ஏற்றுக்கொண்டுவிட்டது. இனி ஏற்றுக்கொள்ள வேண்டியது நீ. நீ துக்கப்படுவது பிழை என்று நான் சொல்லவில்லை. அந்தத் துக்கத்தை நாங்கள் இங்கே ஊராகச் சேர்ந்து, தாடி வளர்த்து, முறையாகக் காத்துக்கொண்டிருக்கிறோம். உன் பங்கையும் சேர்த்துத்தான். ஆகவே நீ அங்கே பயப்படாமல் சந்தோசமாக இருக்கலாம். பசித்தால் சாப்பிடலாம்.

வருகிற செவ்வாய்க்கிழமை முப்பத்தொன்று. ஐயர் நேற்று வந்து சாமான்கள் சொல்லிவிட்டுப் போனார். "கோத்திரம் தெரியாட்டில் சிவகோத்திரம் எண்டு சொல்லலாம். பேருக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். எனக்குத் திருகோணமலையில் அந்தத் தாதி பையைத் திருப்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது. "நல்ல ஆள் எண்டு சொல்லுங்கோ ஐயா" என்றேன். ஐயர் சிரிக்கவில்லை. தலையாட்டிவிட்டு, "நல்ல ஆள்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஒன்றுதான் மிச்சம். செத்தவருக்கு விருப்பமானதைப் படைக்க வேண்டும். செல்வமக்கா உட்பட நாலு பேர் வந்து சமைக்கத் தயாராக நிற்கிறார்கள். ஆனால் என்ன சமைப்பது? பனி நாட்டுப் பிள்ளைக்கு எங்கள் கத்தரிக்காய்க் குழம்பு பிடிக்குமா? இரண்டு நாளாக இதே விவாதம். நேற்று அப்பாதான் முடிவு சொன்னார். "அந்தப் பிள்ளை இனிச் சாப்பிடுறதெண்டால் இவன்ர வாயாலதானே சாப்பிட வேணும்? இவனைக் கேள். இவனுக்கு எது மனம் கேக்குதோ அதுதான் அதுக்கும்." சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் வளவுக்குப் போய், மஞ்சள் பிடிக்கத் தொடங்கியிருந்த வாழைக்குலையை வெட்டிவந்து குசினிக்குள் கட்டித் தூக்கியிருக்கிறார். செவ்வாய்க்கிழமைக்குப் பதமாகப் பழுத்துவிடும்.

அன்று இங்கே மத்தியானம் படைத்து முடிய, அப்பா முகம் வழிப்பார். பிள்ளையாருக்கு நேர்ந்த பொங்கல் வெள்ளிக்கிழமை. படைக்கிற நேரத்தில் உன்னைக் கூப்பிடுவோம், அங்கே உனக்குக் காலைச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். கைபேசியைப் படையலுக்கு முன்னால் வைப்போம். நீ ஒரு வாழைப்பழம் எடுத்து வைத்துக்கொண்டிரு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்போம். இந்த முறை பாதியில் வைக்காதே.

உன் அம்மா